பழைய மின் படித்தரங்களை மீட்பது: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

ஆய்வகம் ஒன்றை மூடும்போது கணினிகளும் மேசைகளும் முதல் நாளே போய்விடும். கடைசிவரை மூலையில் கிடப்பவை கனமான சில கறுப்புப் பெட்டிகள். மேலே எபோனைட் மூடி, தடித்த செம்பு முனைகள், நடுவில் வெப்பமானி நுழைக்க ஒரு துளை, ‘1 ஓம்’ என்று பொறித்த ஒரு தகடு. மின்சாரத்தில் செருக வயர் இல்லை, அளவைக் காட்ட முள்ளும் இல்லை. என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாததால் அவை செம்பின் எடைக்குப் போய்விடுகின்றன. அப்படிப் போகிற பெட்டிகளில் சில, ஒரு காலத்தில் அந்தக் கட்டடத்தின் அத்தனை மீட்டர்களுக்கும், மின்தடையின் அலகான ஓம் என்றால் இவ்வளவுதான் என்று சொல்லிக்கொடுத்தவை. மற்றக் கருவிகளை ஒப்பிட்டுச் சரிபார்க்க உதவும் இத்தகைய மாதிரி அளவைத்தான் படித்தரம் என்கிறோம்.

இவற்றைத் தேடி எடுத்து, மறுபடி நம்பத்தக்க நிலைக்குக் கொண்டுவருகிற ஆர்வலர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அருமையான வேலை. ஆனால் பழைய ரேடியோவைச் சீர்செய்கிற கைப்பழக்கத்தோடு இதில் இறங்கினால், காப்பாற்ற வந்த பொருளை நாமே கெடுத்துவிடுவோம். ரேடியோ பாடினால் போதும், உள்ளே எத்தனை பாகம் மாற்றினோம் என்பது பெரிய விஷயமில்லை. படித்தரத்தின் கருவில் இருக்கிற பாகத்தை மாற்றினாலோ, அது பழைய படித்தரமாக இருக்காது. அதன் மதிப்பு, அந்தக் கம்பி யார் தொந்தரவும் இல்லாமல் கழித்த ஆண்டுகளில் இருக்கிறது.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். படித்தர மின்தடை என்பது பெரும்பாலும் மாங்கனின் என்ற கலப்பு உலோகக் கம்பியின் சுருள். செம்பு 84 பங்கு, மாங்கனீஸ் 12 பங்கு, நிக்கல் 4 பங்கு. இதன் மின்தடை அறை வெப்பநிலைக்கு அருகில் ஏறக்குறைய மாறாமல் நிற்கும். ஆனால் கம்பியை வளைத்துச் சுற்றும்போதே அதற்குள் இறுக்கம் ஏறிவிடுகிறது. அந்த இறுக்கம் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத் தளரும். தளரத் தளர மின்தடையும் நகரும். முதல் சில ஆண்டுகளில் நகர்வு அதிகம், அப்புறம் குறைந்துகொண்டே வந்து ஒரு சீரான மெதுவான போக்கில் அமரும். அமர்ந்த பிறகு அடுத்த ஆண்டு அது எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம். நாற்பது ஆண்டு அமைதியாக இருந்த சுருளைத் திறந்து, இடுக்கியால் நிமிர்த்தி, புதிதாகப் பற்றவைத்தால் அந்த நாற்பது ஆண்டும் போச்சு. அது மறுபடி பிறந்த குழந்தை.

அமெரிக்காவின் ஓம் அலகு 1990 வரை தாமஸ் வகை (அதன் கதை கீழே வருகிறது) 1 ஓம் மின்தடைகள் ஐந்தின் சராசரியாகவே பேணப்பட்டுவந்தது. அந்தச் சராசரியின் நகர்வு ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் 0.05 பங்கு அளவுதான் என்று பின்னால், இயற்கை மாறிலிகளைக் கொண்டே மின்தடையை அளக்கிற குவாண்டம் ஹால் முறையால் அளந்து கண்டார்கள். (பத்து லட்சத்தில் ஒரு பங்கை இனி பிபிஎம் என்றே சொல்கிறேன்.) வெறும் உலோகக் கம்பி அவ்வளவு உறுதியாக நின்றிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

அந்த நிலைக்கு வந்துசேர்ந்த பாதை மீட்பவருக்கு மிகவும் தேவையான அறிவு. ஆரம்பக்கால மின்தடைகளில் சுருளுக்கு ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சு பூசினார்கள். அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தில் எட்வர்ட் ரோசாவும் அவர் உடன் வேலைசெய்தவரும் 1907 வாக்கில் ஒரு விந்தையைக் கவனித்தார்கள்: மின்தடைகள் ஈரப்பதம் மிகுந்த கோடையில் கூடின, வறண்ட குளிர்காலத்தில் குறைந்தன. காரணம் ஷெல்லாக். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது, உப்பும்போது கம்பியை இழுத்து நீட்டுகிறது. வாஷிங்டனின் வானிலையை மின்தடை எழுதிக்காட்டிக்கொண்டிருந்தது என்றே சொல்லலாம். அதற்குப் பதிலாக ரோசா கண்ட வழி, சுருளை எண்ணெயில் மூழ்கவைத்துப் பெட்டியையே காற்றுப்புகாமல் மூடுவது. 1930களில் அதே நிறுவனத்தின் ஜேம்ஸ் தாமஸ் இன்னொரு அடி எடுத்துவைத்தார். சுற்றிய கம்பியைக் காற்றில்லாமல் சூடேற்றிப் பதப்படுத்தி, இறுக்கத்தை முதலிலேயே போக்கிவிட்டு, இரட்டைச் சுவர்க் கூட்டுக்குள் அடைத்தார். லீட்ஸ் அண்ட் நார்த்ரப் நிறுவனம் அதைத்தான் 4210 என்ற எண்ணில் விற்றது. பின்னால் வந்த ஈஎஸ்ஐ நிறுவனத்தின் எஸ்ஆர்104 என்ற 10 கிலோ ஓம் பெட்டியில் மாங்கனினுக்குப் பதில் நிக்கல் குரோமியக் கலவையான எவனோம் கம்பி, அதுவும் எண்ணெயில் அடைத்து. இன்றும் பலர் அதைத் தேடி அலைகிறார்கள்.

ஆகவே கையில் ஒரு பெட்டி கிடைத்ததும் முதல் கேள்வி, இது மூடியதா, திறந்ததா என்பது. மூடி அடைத்த பெட்டி என்றால் அந்த அடைப்பைத் தொடவே கூடாது. எண்ணெய் கசிந்திருந்தாலும் முதலில் அளந்து எழுதிக்கொண்டு, அப்புறமே யோசிக்கவேண்டும். திறந்த வகை, ஷெல்லாக் பூசியது என்றால் வேறு ஓர் ஆபத்து இருக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் வேலை செய்பவர்கள் எதற்கும் ஆல்கஹாலை எடுப்பார்கள். ஷெல்லாக் ஆல்கஹாலில் கரையும். தொடர்புகளைத் துடைக்கிற ஆசையில் சுருள்மேல் நாலு சொட்டு விழுந்தால், சுருளின் பிடிப்பே தளர்ந்து மதிப்பு குதித்துவிடும்.

எபோனைட் மூடிக்கும் அதன் பழக்கம் உண்டு. அது ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் செய்தது. வெளிச்சத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறும். மேற்பரப்பில் கந்தகம் அமிலமாகி, ஈரத்தோடு சேர்ந்து மின்சாரத்தைக் கசியவிடும். இந்தக் கசிவு சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் 10 கிலோ ஓம் மின்தடைக்குக் குறுக்கே 10 ஜிகா ஓம் கசிவு இருந்தாலே மதிப்பு 1 பிபிஎம் இறங்கிவிடும். விரல் ரேகையின் அழுக்கே அதற்குப் போதும். காய்ச்சி வடித்த குளிர்ந்த நீரில் நனைத்த மென்துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெந்நீர் வேண்டாம், எபோனைட்டின் நிறம் இன்னும் கெடும். பளபளப்பு வரவேண்டும் என்று மெழுகு தேய்ப்பதும் தேவையில்லாத வேலை.

அளக்க உட்காரும்போது அடுத்த சிக்கல் வரும். பழைய 1 ஓம் ஒன்றை இன்றைய நல்ல மீட்டரில் போட்டால் 1.000495 ஓம் என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்நூறு பிபிஎம் தவறிவிட்டதே, கெட்டுப்போயிற்று என்று ஒதுக்கத் தோன்றும். அவசரம் வேண்டாம். 1948க்கு முன்னால் உலகம் ‘பன்னாட்டு ஓம்’ என்ற அலகைப் பயன்படுத்தியது, 106.3 செண்டிமீட்டர் நீளப் பாதரசத் தம்பத்தை வைத்து வரையறுத்தது. 1948 முதல் இன்றைய அலகு நடைமுறைக்கு வந்தபோது, அமெரிக்காவின் பன்னாட்டு ஓம் 1.000495 ஓமுக்குச் சமம் என்று தெரிந்தது. அப்படியானால் 1930களில் சரியாக 1 என்று செய்த அந்தப் பெட்டி ஏறக்குறைய நகராமலே இருந்திருக்கிறது என்று அர்த்தம்! இதை அறியாமல் எத்தனை பேர் அதன் பக்கவாட்டில் இருக்கிற சரிசெய்யும் கம்பியைச் சுரண்டி ‘சரியாக்கி’ இருப்பார்களோ என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அலகுகள் அப்புறமும் அசைந்தன. 1990 ஜனவரி 1ல் வோல்ட்டுக்கு ஜோசப்சன் விளைவும் ஓமுக்குக் குவாண்டம் ஹால் விளைவும் உலகப் பொது அடிப்படையானபோது, அமெரிக்க வோல்ட் 9.264 பிபிஎம், ஓம் 1.69 பிபிஎம் பெரிதாயின. அலகு பெரிதானால் எண் சிறிதாகும். அதற்கு முதல் நாள் 10.000000 வோல்ட் என்று சான்றிதழ் பெற்ற கருவி, மறுநாள் எந்த மாற்றமும் இல்லாமலே 9.999907 வோல்ட். மற்ற நாடுகளில் இந்த எண்கள் வேறு, ஏனென்றால் ஒவ்வொரு நாடும் தன் வோல்ட்டைத் தனித்தனியாகப் பேணியது. 2019 மே 20ல் அலகுகளைப் புதிதாக வரையறுத்தபோது வோல்ட்டில் 0.1 பிபிஎம் அளவுக்கும், ஓமில் அதைவிட மிகக் குறைவாகவும் இன்னொரு சிறு அசைவு. எனவே பெட்டியோடு கிடைக்கிற பழைய சான்றிதழில் மதிப்பைப் பார்ப்பதற்கு முன் தேதியையும் நாட்டையும் பாருங்கள். கிழிந்த லேபிளாக இருந்தாலும் பிய்த்து எறியாதீர்கள். அந்த லேபிளின் ஓர் எண்ணும் ஒரு தேதியும்தான் நகர்வுக் கோட்டின் ஒரு முனை. இன்று நீங்கள் அளப்பது மறுமுனை.

மின்தடை பொறுமையான பொருள். மின்னழுத்தப் படித்தரம் அப்படியல்ல. 1893ல் எட்வர்ட் வெஸ்டன் செய்த காட்மியம் மின்கலம் எச் எழுத்து வடிவில் இருக்கிற கண்ணாடிக் குழாய். ஒரு காலில் பாதரசம், அதன்மேல் மெர்குரஸ் சல்பேட். மறுகாலில் காட்மியமும் பாதரசமும் கலந்த காட்மியம் அமால்கம். நடுவே காட்மியம் சல்பேட் கரைசல். மாங்கனினைத் தந்தவரும் இதே வெஸ்டன்தான் என்பதை இங்கே சொல்லியே ஆகவேண்டும். துல்லிய அளவீட்டின் இரண்டு தூண்களும் ஒரே மனிதரிடமிருந்து வந்தன. அதற்கு முன் இருந்த கிளார்க் மின்கலம் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு மில்லி வோல்ட்டுக்கு மேல் மாறியது. வெஸ்டனுடையது 20 டிகிரியை ஒட்டி 40 மைக்ரோ வோல்ட்தான் மாறுகிறது. 1911 முதல் பல பத்தாண்டுகள் உலகின் வோல்ட் இந்தக் கண்ணாடிக் குழாய்களில் இருந்தது.

பூரிதக் கரைசல் கொண்ட வெஸ்டன் கலத்தின் மதிப்பு 20 டிகிரியில் அன்றைய அலகில் 1.0183 வோல்ட், இன்றைய அலகில் 1.01864 வோல்ட். இங்கேயும் அதே பன்னாட்டு அலகுக் கதைதான். பூரிதமல்லாத வகை 1.019 வோல்ட்டை ஒட்டி இருக்கும், ஆண்டுக்குச் சில பத்து மைக்ரோ வோல்ட் இறங்கிக்கொண்டே வரும். ஆகவே கையில் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது.

இந்தக் கலத்தைப் பேட்டரிபோல நினைத்துச் சாதாரண மல்டிமீட்டரை மாட்டுவது பலர் செய்கிற பிழை. அதன் உள்மின்தடை சில நூறு ஓம். மீட்டரின் உள்மின்தடை 10 மெகா ஓம் என்றால் 0.1 மைக்ரோ ஆம்பியர் ஓடும். 500 ஓம் கலத்தில் அதுவே 50 மைக்ரோ வோல்ட் பிழை, அதாவது 50 பிபிஎம். நேரம் ஆக ஆகக் கலத்துக்கும் கேடு. உள்மின்தடை 10 ஜிகா ஓமுக்கு மேல் இருக்கிற மீட்டர்தான் சரி, அல்லது எதிர் மின்னழுத்தம் வைத்துச் சுழியாக்கி அளக்கிற பழைய பொட்டென்ஷியோமீட்டர் முறை. கலம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு: அத்தகைய மீட்டரில் பார்த்துக்கொண்டே ஒரு கணம் மட்டும் 10 மெகா ஓமைக் குறுக்கே வைத்து எடுங்கள். 50 மைக்ரோ வோல்ட் இறங்கி உடனே திரும்பினால் கலம் ஆரோக்கியமாக இருக்கிறது. பல நூறு மைக்ரோ வோல்ட் இறங்கினாலோ, திரும்ப மணிக்கணக்கில் இழுத்தாலோ அது அலங்காரப் பொருள்தான்.

அப்புறம் வெப்பநிலை. மொத்தக் கலம் டிகிரிக்கு 40 மைக்ரோ வோல்ட்தான் மாறுகிறது என்றாலும், ஒவ்வொரு காலும் தனித்தனியே 300 மைக்ரோ வோல்ட்டுக்கு மேல், எதிரெதிர்த் திசையில் மாறுகிறது. இரண்டும் கழிந்துதான் அந்த 40. ஒரு கால் மட்டும் வெயில் பட்டுச் சூடானால் கணக்கு அத்தனையும் தவறும். அதனால்தான் கலங்களை எண்ணெய்த் தொட்டியிலோ தடித்த அலுமினியக் கட்டைக்குள்ளோ வைத்தார்கள். சாய்க்கக்கூடாது, குலுக்கக்கூடாது, பயணம் செய்து வந்த கலத்துக்கு வாரக்கணக்கில் ஓய்வு கொடுக்கவேண்டும். உள்ளே பாதரசமும் காட்மியமும் இருப்பதால் கண்ணாடியைத் திறக்கும் எண்ணமே வேண்டாம். உடைந்த கலத்தை நச்சுக் கழிவாகத்தான் ஒப்படைக்கவேண்டும். சிந்திய பாதரசத்தின்மேல் வேக்குவம் கிளீனரை ஓட்டினால் ஆவி அறை முழுக்கப் பரவும்.

வெஸ்டன் கலத்தின் இடத்துக்கு வந்தவை, ஜீனர் டயோடு என்ற குறைகடத்தியை ஆதாரமாகக் கொண்ட ஜீனர் படித்தரங்கள். ஃப்ளூக் 732ஏ அதில் புகழ்பெற்றது. 10 வோல்ட், 1 வோல்ட் முனைகளோடு 1.018 வோல்ட் முனை ஒன்றும் அதில் உண்டு. வெஸ்டன் கலத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் மாட்டுவதற்காக வைத்த முனை அது. உள்ளே இருக்கிற ஆதாரச் சுற்று ஒரு வெப்பப் பேழைக்குள் எப்போதும் ஒரே சூட்டில் இருக்கவேண்டும். மின்வெட்டு வந்தாலும் சூடு ஆறாமல் இருக்க ஈய அமில பேட்டரி. பேட்டரியும் தீர்ந்துவிட்டால் அளவுத்திருத்தம் செல்லும் என்று சொல்கிற விளக்கு அணைந்துவிடும், மின்சாரம் திரும்பினாலும் தானாக எரியாது. ஒருமுறை குளிர்ந்து சூடான ஆதாரம் முன்பு இருந்த அதே மதிப்புக்குத் திரும்பும் என்று உறுதி இல்லை. ஆகவே அந்த விளக்கு அணைவது பயனுள்ள ஒரு நேர்மை. மீட்கப்பட்ட 732ஏ பெரும்பாலும் இப்படி ஆண்டுக்கணக்கில் குளிர்ந்து கிடந்ததாகவே இருக்கும். பேட்டரியை மாற்றலாம், மின்வழங்கியின் உலர்ந்துபோன மின்தேக்கிகளை மாற்றலாம், அவை மதிப்பைத் தீர்மானிப்பவை அல்ல. பேழைக்குள் இருப்பதைத் தொடாமல், சூடேற்றி, மாதக்கணக்கில் காத்திருந்து அது எங்கே அமர்கிறது என்று பார்க்கவேண்டும்.

இந்தத் தலைமுறைக் கருவிகளுக்குப் பேட்டரிதான் முதல் எதிரி. சுழி காட்டும் கருவிகளில், உதாரணமாக ஹியூலெட் பக்கார்ட் 419ஏவில், நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். வயதானால் கசிந்து பலகையைத் தின்றுவிடும். கருவி வந்த அன்றே திறந்து எடுக்கவேண்டிய ஒரே பொருள் அது. இந்தக் கருவிகள் நுண்ணிய நேர்மின்னழுத்தத்தை நறுக்கி மாறுமின்னழுத்தமாக்க, நியான் விளக்குகளையும் ஒளியுணர் மின்தடைகளையும் பயன்படுத்தின. நியான் விளக்கு மங்கினால் கருவி மந்தமாகும், முள் ஆடும். விளக்கை மாற்றுவது நியாயமான பழுதுபார்ப்பு. சுழி காட்டி தன் மதிப்பால் எதையும் சொல்வதில்லை, இரண்டு பக்கமும் சமமா என்று மட்டுமே சொல்கிறது. அதில் தாராளமாகக் கைவைக்கலாம்.

துடைப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம். மைக்ரோ வோல்ட் அளக்கிற இடத்தில் இரண்டு வேறு உலோகங்கள் சேருமிடமெல்லாம் வெப்ப மின்னழுத்தம் பிறக்கும். சுத்தமான செம்போடு செம்பு சேர்ந்தால் டிகிரிக்கு 0.2 மைக்ரோ வோல்ட்டுக்குள். ஈய வெள்ளீயப் பற்றாசோடு சேர்ந்தால் 1 முதல் 3. செம்போடு கறுத்த செம்பு ஆக்சைடு சேர்ந்தால் 1000 வரை போகும்! ஆகவே முனைகளில் இருக்கிற கறுப்பைப் பழமையின் அழகு என்று விட்டுவைக்கக்கூடாது. தொடர்பு கொள்கிற பரப்பை மட்டும் மென்மையாகத் தேய்த்துச் செம்பின் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். தங்கமோ வெள்ளியோ பூசிய முனையைத் தேய்க்காதீர்கள், துடையுங்கள். கம்பியை மாட்டியதும் விரலின் சூடு ஆறும்வரை காத்திருந்து, பிறகு துருவத்தை மாற்றி இரண்டு முறை அளந்து சராசரி எடுத்தால் மிச்சமும் கழிந்துவிடும். சுவிட்சைத் திருப்பி மின்தடையைப் படிப்படியாக மாற்றுகிற பத்துப்படிப் பெட்டிகளின் சுழல் சுவிட்சுகளுக்குப் பெரும்பாலும் முதல் மருந்து, இருபது முறை முன்னும் பின்னும் சுழற்றுவதுதான். தொடர்பில் 1 மில்லி ஓம் கூடினால் 10 கிலோ ஓமில் அது 0.1 பிபிஎம், 1 ஓமிலோ 1000 பிபிஎம். 1 ஓம் படித்தரத்துக்கு நான்கு முனைகள் இருப்பது இதனால்தான்: மின்னோட்டம் ஒரு ஜோடியில், அளவீடு இன்னொரு ஜோடியில்.

சரி, எல்லாம் சுத்தமாயிற்று. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் பெரிய ஆய்வகம் இல்லை. இங்கேதான் பழைய தலைமுறையின் அறிவு நமக்கு உதவுகிறது. விகிதத்தைச் சரிபார்க்க வெளியிலிருந்து எந்தப் படித்தரமும் வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் ஹேமன் 1954ல் வெளியிட்ட முறை அப்படிப்பட்டது. ஏறக்குறையச் சமமான பத்து மின்தடைகளைத் தொடராக இணைத்தால் பத்து மடங்கு, பக்க இணைப்பில் பத்தில் ஒரு பங்கு. இரண்டுக்கும் விகிதம் நூறு. மின்தடைகள் தங்களுக்குள் 100 பிபிஎம் வேறுபட்டிருந்தாலும் அந்த விகிதத்தில் வருகிற பிழை அந்த வேறுபாட்டின் வர்க்க அளவுதான், அதாவது 0.01 பிபிஎம். ஒன்பதை மூன்றுக்கு மூன்றாக இணைத்தால் ஒன்றின் மதிப்பே கிடைக்கும். ஆகவே நம்பத்தக்க ஒரே ஒரு 10 கிலோ ஓமும், நல்ல நிலையில் இருக்கிற, வேறு வேறு மதிப்புள்ள சில ஹேமன் பெட்டிகளும் இருந்தால், ஓமிலிருந்து மெகா ஓம்வரை ஏணி கட்டிவிடலாம். மின்னழுத்தத்தைத் துல்லியமான விகிதத்தில் பிரிக்கிற, ஃப்ளூக் 720ஏ போன்ற கெல்வின் வார்லி பிரிப்பானும் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும் சுற்றோடு வருகிறது. பழுதாகிக் கிடக்கிற பொருள்களில் எதை முதலில் மீட்கவேண்டும் என்று என்னைக் கேட்டால், விகிதக் கருவிகளைத்தான் சொல்வேன். அவை உயிர்பெற்றால் மற்றவற்றை எடைபோட முடியும்.

ஒரே ஒரு படித்தரத்தை வைத்திருப்பவருக்கு அது நகர்ந்ததா இல்லையா என்று தெரிய வழியே இல்லை. இரண்டு இருந்தால் ஏதோ ஒன்று நகர்ந்தது என்று தெரியும். மூன்று இருந்தால்தான் எது நகர்ந்தது என்று சொல்லலாம், அவை வேறு வேறு காலத்தில், வேறு வேறு கம்பியில் செய்தவையாக இருந்தால் இன்னும் நல்லது. மூன்றையும் ஒரே வெப்பநிலையில் வைத்து, மாதம் ஒருமுறை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்து எழுதிவாருங்கள். மாங்கனினின் மதிப்பு 25 டிகிரியை ஒட்டி உச்சத்தில் இருந்து இருபக்கமும் வளைந்து இறங்கும் என்பதால், வெப்பநிலை எழுதாத அளவீட்டுக்குப் பொருளே இல்லை. கோடைக்கும் குளிருக்கும் இடையில் ஏற்ற இறக்கம் தெரிந்தால் ஈரம் உள்ளே போகிறது என்று அர்த்தம். எங்கோ அடைப்பு விட்டிருக்கிறது.

ஒரு முழு ஆண்டு ஓடியபிறகே அந்தப் பெட்டியைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும். பெட்டி கைமாறும் நாள் வந்தால், வந்தபோது இருந்த மதிப்பு, துடைத்த பின் இருந்த மதிப்பு, எதைத் தொட்டோம், எதைத் தொடவில்லை, மாதாமாதம் எழுதிய எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் தேதியோடு எழுதி, பழைய லேபிளோடு சேர்த்து மூடிக்குள் வைத்துக் கொடுங்கள்.